பாரதியை யானை கொன்றதா? புலவர் வரலாறுகளில் கதைக்கு எவ்வளவு இடம்?

கரிசல்காட்டான் எழுதியது:

நூலகக் கண்காட்சி ஒன்றுக்காகத் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பலகை, பலகைக்குப் பத்துப் பன்னிரண்டு வரி. அவ்வளவுதான் இடம்.

குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர், பாரதி பலகையில் "கோயில் யானை தாக்கி உயிர் நீத்தார்" என்ற வரி இருந்தே ஆக வேண்டும் என்கிறார். கம்பர் பலகைக்கு அம்பிகாபதி, அமராவதி காதலாம். ஔவைக்கு நரைத்த தலையும் கைத்தடியுமாக ஒரு படமாம். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "கதை இல்லாவிட்டால் எவன் நின்று படிப்பான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. வெறும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இயற்றிய நூல்கள் என்று எழுதினால் அது குடும்ப அட்டை போலத்தான் இருக்கும்.

இங்கே படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கதையை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது?

ஏடுதேடி எழுதியது:

முதலில் யானையைக் கட்டிப் போட்டுவிடுவோம்.

திருவல்லிக்கேணியில் குடியிருந்தபோது பார்த்தசாரதி கோயில் யானைக்குத் தேங்காய், பழம் கொடுப்பது பாரதிக்கு வழக்கம். ஒரு நாள் அது அவரைத் தள்ளிவிட்டது. அதன் காலடியில் விழுந்து கிடந்தவரை நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து மீட்டு வந்தார். காயம் பட்டது, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இவ்வளவும் நடந்ததுதான், யாரும் மறுக்கவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் மேடையில் யாரும் சொல்வதில்லை. அவர் குணமடைந்தார். சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குத் திரும்பினார். 1921 ஜூலை 31ஆம் தேதி ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். பேச்சின் தலைப்பு "மனிதனுக்கு மரணமில்லை". மறுநாள் ஈரோட்டிலேயே இந்தியாவின் எதிர்கால நிலை பற்றி இன்னொரு கூட்டம். சென்னை திரும்பியதும் அந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் தம் கையாலேயே எழுதினார், அதுவும் நல்ல நகைச்சுவையோடு. யானை அடித்துக் கொன்ற மனிதர் செய்கிற காரியமா இவை?

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது. 11ஆம் தேதி நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது 38.

கிழக்குத்தெரு எழுதியது:

ஏடுதேடி ஐயா, தேதிகளை அடுக்கிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா? யானையிடம் அடிபட்ட உடம்பு தளர்ந்துதான் இருந்திருக்கும். தளர்ந்த உடம்பை நோய் எளிதாகப் பிடித்தது. ஆக மூல காரணம் யானைதான். நான் சிறுவயது முதல் கேட்ட கதை அது. பாரதி பேரைச் சொன்னால் யானையும் கூடவே வருகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "வயிற்றுக்கடுப்பு" என்று எழுதினால் மகாகவிக்கு என்ன மரியாதை?

ஏடுதேடி எழுதியது:

உடம்பு தளர்ந்திருந்தது என்பது சரி. எப்போதிலிருந்து என்று பாருங்கள்.

1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனவர் பத்தாண்டு அங்கே கிடந்தார். 'இந்தியா' இதழைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்ததால் அது நின்றுபோனது, அதோடு வருமானமும் போனது. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைது. சில வாரங்கள் சிறை. விடுதலையாகி மனைவியின் ஊரான கடையத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. 1920இல்தான் மறுபடி சென்னையும் சுதேசமித்திரனும். வறுமையும் அலைச்சலும் சேர்ந்து அரித்த உடம்பு அது. யானைக்குப் பழியைப் போட்டுவிட்டால் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யானைக் கதை இவ்வளவு காலம் வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். 1920இல் கடையத்தில் இருந்துகொண்டு நண்பர்களுக்கு அவர் அச்சிட்டு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப்போவதாகத் திட்டம் போட்டுக் கடன் கேட்கிறார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலத் தமிழ்நாட்டில் தம் புத்தகங்கள் மளமளவென்று விலைபோகும் என்று அதில் உறுதி கூறுகிறார். பணம் வரவில்லை. ஒரு புத்தகமும் அந்தத் திட்டப்படி வெளிவரவில்லை. 1949இல் அரசே அவர் நூல்களின் உரிமையை வாங்கிப் பின்னர் நாட்டுடைமையாக்க வேண்டி வந்தது. நாலு லட்சம் பிரதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த அந்த மனிதரைப் பலகையில் நிறுத்துங்கள். யானையைவிடப் பெரிய ஆள் அவர்.

தமிழாசிரியை எழுதியது:

கரிசல்காட்டான் அண்ணா, வகுப்பறையிலிருந்து ஒரு சொல். பிள்ளைகள் யானைக் கதையை வாய் பிளந்து கேட்பார்கள், உண்மை. கேட்டு முடித்ததும் கேட்கிற கேள்விகள் எல்லாம் யானையைப் பற்றித்தான் இருக்கும். அந்த யானையை என்ன செய்தார்கள், அதற்கு மதம் பிடித்திருந்ததா, அது இப்போது உயிரோடு இருக்கிறதா. பாரதி காணாமல் போய்விடுவார்.

சுற்றறிக்கையை நானும் ஒரு முறை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவர் கணக்கில் நல்ல மார்க் வாங்கினாரா?" என்றான். சிரிப்பு அடங்கிய பிறகு வகுப்பில் பாதிப் பேர் நாற்பதையும் பத்தாயிரத்தையும் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஔவையைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஔவை என்ற பெயரில் பல காலங்களில் பலர் பாடியிருக்கிறார்கள். சங்க காலத்து ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, இடையில் நூற்றாண்டுகள் பல. எல்லாரையும் ஒரே பாட்டியாக்கி, கையில் தடியைக் கொடுத்து, நாவல் மரத்தடியில் நிறுத்திவிட்டோம்.

புறநானூற்றைத் திறந்து பாருங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன பெண் அவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறான். எங்கள் அரசனின் வேல்கள் அப்படியல்ல, பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது போலப் புகழ்ந்து, "உன் ஆயுதங்கள் போரையே பார்த்ததில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிற அரசியல் சாமர்த்தியம் அது. அதியமான் இறந்தபோது பாடிய பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்கிறார். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்கும் அந்தப் பாட்டை இரங்கல் பாக்களில் முதல் வரிசையில் வைப்பேன்.

தூது போனவர், அரசனோடு சமமாக உட்கார்ந்து கள் அருந்தியவர், நண்பன் இறந்ததும் உடைந்து அழுதவர். இவ்வளவு பெரிய பெண்ணைச் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்ற கதைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். பலகையில் அந்தக் கைத்தடி வேண்டாம், அண்ணா.

கிழக்குத்தெரு எழுதியது:

டீச்சர், நூலகத்துக்குச் சிறுபிள்ளைகளும் வருவார்கள். கள்ளைப் பலகையில் எழுதுவீர்களா?

தமிழாசிரியை எழுதியது:

தூதை எழுதுகிறேன், ஐயா. கள்ளை வளர்ந்தவர்கள் புறநானூற்றிலேயே தேடிப் படித்துக்கொள்ளட்டும்.

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. புலவர் வரலாறு என்று அச்சில் வந்த பழைய தொகுப்புகளில் இரண்டு எங்கள் பக்கத்தவை. புத்தளம், கற்பிட்டிப் பகுதியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859இல் 'தமிழ் புளூட்டார்க்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் தமிழில் வந்தது. இருவரும் தமிழ்ப் புலவர்களை அகரவரிசையிலே அடுக்கி, கிடைத்த தகவலை எல்லாம் சேர்த்தார்கள்.

அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். சங்க நூல்கள் பெரும்பாலும் அச்சேறாத காலம். புறநானூறு 1894இல்தான் அச்சுக்கு வருகிறது. ஆகவே சங்கப் புலவரைப் பற்றி எழுதும்போது திருவிளையாடற் புராணமும் தனிப்பாடல்களும் செவிவழிக் கதைகளுமே துணை. அதே நூற்றாண்டில் வந்த 'விநோதரசமஞ்சரி' இன்னும் ஒரு படி மேலே போய்க் கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் புகழேந்தியையும் ஒரே சபையில் உட்கார வைத்துச் சண்டை மூட்டிவிட்டது. படிக்கச் சுவையாக இருக்கும், நானும் ரசித்துத்தான் படித்தேன். நாங்கள் இன்றைக்குக் "காலங்காலமாகச் சொல்லப்படும் கதை" என்று நம்புவதில் பாதி, அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களால் நிலைபெற்றது.

சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் அழிகிற நிலையைப் பற்றித் தம் பதிப்புரையில் எழுதிய பகுதியையும் சொல்ல வேண்டும். ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது என்கிறார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர், உத்தியோகத்தில் உயர்ந்தவர், கைப்பணத்தைப் போட்டுத் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். இவருக்கும் ஒரு பலகை உண்டுதானே, கரிசல்காட்டான்?

கரிசல்காட்டான் எழுதியது:

பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்கிறேன், வல்லைவெளி. அவருக்குக் கதை எதுவும் இல்லாததால்தான் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கம்பருக்கு என்ன எழுதுவது? கதைகளைக் கழித்தால் மிச்சம் எதுவுமே இல்லை போலிருக்கிறது.

ஏடுதேடி எழுதியது:

மிச்சம் இருக்கிறது, கொஞ்சம்தான். தாசிக் கதை, கூழுக்குப் பாடிய பாட்டு என்பவற்றை எல்லாம் தள்ளிவிடுங்கள். தேரழுந்தூரில் பிறந்தார் என்பதும் நாட்டரசன்கோட்டையில் அடங்கினார் என்பதும் மரபு, மரபு என்று சொல்லியே எழுதலாம். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பன்னிரண்டு என்பாரும் உண்டு. "எண்ணிய சகாத்தம் எண்ணூற்றேழின்" என்ற தனிப்பாடலைப் பிடித்துக்கொண்டு சக ஆண்டு 807, அதாவது கி.பி. 885 என்பது ஒரு கட்சி. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களைப் பாடியவர், அவர் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பதில் சிக்கல் இல்லை. 885ஐ ஏற்பவர் கம்பரையும் கூத்தரையும் ஒரு சபையில் உட்கார வைக்க முடியாது. கதை சொல்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் வேடிக்கை.

கம்பரே தம் நூலுக்குள் வைத்த சாட்சி ஒன்று இருக்கிறது. சடையப்ப வள்ளல். இராமனுக்கு முடிசூட்டும் பாட்டில், அனுமன் அரியணையைத் தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் குடை பிடிக்கிறான். மணிமுடியை எடுத்துக் கொடுப்பவர் யார்? வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோர். அவர்கள் கொடுக்க, "வசிட்டனே புனைந்தான் மௌலி". சோழ நாட்டு வேளாளக் குடும்பம் ஒன்று அயோத்தியில் போய் நிற்கிறது. சோறு போட்ட கைக்கு ஒரு கவிஞன் இதைவிட என்ன செய்துவிட முடியும்? அம்பிகாபதி, அமராவதிக்குப் பதில் இந்த ஒரு பாட்டைப் பலகையில் போட்டால் போதும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

இரவில்தான் இழையைப் பார்த்தேன். கதைக்கும் சான்றுக்கும் நடுவே கோடு கிழிக்கலாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சான்றும் சான்றும் மோதினால் என்ன செய்வீர்கள்?

கபிலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி இறந்த பிறகு அவன் மகளிரைக் காப்பாற்றும் பொறுப்பு அவருக்கு வருகிறது. புறநானூற்று 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, அந்தப் பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் விடுவது.

இப்போது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு வாருங்கள். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையருக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்றும், அந்த இடம் பெண்ணையாற்றில் உள்ள கபிலக்கல் என்றும் அது சொல்கிறது. பார்ப்பாரா, மலையரா? பட்டினியா, நெருப்பா? ஒரு பெண்ணா, பலரா? கபிலருக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள். புறநானூற்றுக் குறிப்பும் பாட்டோடு பிறந்ததல்ல, பின்னால் தொகுத்தவர்கள் எழுதிச் சேர்த்தது. இரண்டுமே கேள்விப்பட்டதைத்தான் எழுதுகின்றன.

அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்கிறோமே, அந்தப் பெயர்களும் புறநானூற்றில் இல்லை. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" பாடியவர்கள் வெறும் "பாரி மகளிர்" மட்டுமே. பெயர் பிற்காலத்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் சொன்ன அதியமான் புலவர் கற்பனையாக இருக்கலாம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் ஒரு குகைக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ் பிராமி எழுத்தில் ஒரே வரி: "சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". பாளி என்றால் துறவிகள் தங்கும் இடம். அசோகன் தன் கல்வெட்டுகளில் சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நீண்ட காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விடை ஔவையின் நண்பன் குடும்பத்தில் இருந்தது. அந்தப் பாறையின் முன்னால் நின்று அஞ்சி என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தபோது எனக்குப் புறநானூறு முழுவதும் வேறு விதமாகக் கேட்டது.

கிழக்குத்தெரு எழுதியது:

அப்படியானால் நெல்லிக்கனியும் உண்மைதானே?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

கல்வெட்டு அரசனுக்குச் சாட்சி, கனிக்கு அல்ல. கனிக்கு ஔவையின் பாட்டே சாட்சி. சாவை நீக்கும் நெல்லியை எனக்குக் கொடுத்தாயே என்று அவரே பாடியிருக்கிறார். உண்டவர் சொல்வதை நம்புவதற்கு எனக்குத் தடையில்லை. சாவை நீக்கியதா என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

நடுநிசிவாசகன் எழுதியது:

வள்ளலார் பலகை உண்டா? 1874 ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் போனதை எப்படி எழுதப்போகிறீர்கள்?

இழைப் பொறுப்பாளர் எழுதியது:

இந்தக் கேள்வி இதற்கு முன்பு இரண்டு இழைகளைச் சாப்பிட்டிருக்கிறது. அறைக்குள் போனார், கதவு சாத்தப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டு மேலே செல்லுங்கள். அருட்பா, மருட்பா சண்டைப் பக்கமும் திரும்ப வேண்டாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

பொறுப்பாளர் சொல்வது போலத்தான் எழுதியிருக்கிறேன். 1867இல் வடலூரில் பசித்தவர்க்குச் சோறிடத் தொடங்கிய தருமசாலைக்குத்தான் அதிக வரி. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது என்பதில் எந்தக் கட்சிக்கும் தகராறு இல்லை.

ஏடுதேடி ஐயா, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறதே? உ.வே.சா. இருக்கிறார்.

ஏடுதேடி எழுதியது:

மாறிவிடுகிறது. தமிழில் ஒரு புலவரின் அன்றாட வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தவரே விரிவாக எழுதியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உ.வே.சா. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி 1933, 1934இல் இரண்டு பாகமாக வெளியிட்ட சரித்திரம்தான்.

பிள்ளையவர்கள் 1815இல் பிறந்தவர். தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளுமாகப் பாடிக் குவித்தவர். அவர் வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். எழுதுபவர் கை வலித்து நிறுத்தினால்தான் பாட்டு நிற்கும். இன்று அந்தப் புராணங்களைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர்கள்தான் அதிகம். மாணவர் எழுதிய உரைநடை ஆசிரியரின் செய்யுளைத் தாண்டி நிற்கிறது. இதைப் பிள்ளையவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

அதில் வரும் மனிதர்களைப் பாருங்கள். வேங்கடராமன் என்ற பையன் மாயூரத்தில் பாடம் கேட்க வருகிறான். ஆசிரியருக்கு அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதில் தயக்கம், வேறு பெயர் உண்டா என்று கேட்டுச் சாமிநாதன் ஆக்கிவிடுகிறார். பையன் அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்கிறான். ஆசிரியருக்குத் தெரிந்ததும், பாட்டில் மனம் போனால் இலக்கணம் ஓடாது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார். சங்கீதம் நின்றுவிடுகிறது.

அதே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சாற்றுகவி, அதாவது நூலைப் பாராட்டும் பாட்டு, கேட்டு வந்த கதையும் அதில் உண்டு. நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதால் பிள்ளையவர்கள் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். பாரதியார் மறுபடி மறுபடி வந்து திண்ணையில் உட்காருகிறார். ஒரு நாள் உள்ளே பிள்ளையவர்கள் ஓய்வாக இருக்க, வெளியே இவர் தமக்குத் தாமே "வருகலாமோ ஐயா" பாடுகிறார். உள்ளே வரலாமா என்று கேட்டுச் சிதம்பரத்துக்கு வெளியே நந்தன் நிற்கிற பாட்டு. புலவர் வீட்டு வாசலில் இசைவாணர் உட்கார்ந்து அதைப் பாடுகிறார். இலக்கணம் தோற்றது, சாற்றுகவி கிடைத்தது. கதைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். இந்தக் கதைக்கு இடம் உண்டு, ஆட்கள் உண்டு, சொன்னவர் யார் என்பதும் தெரியும்.

கிழக்குத்தெரு எழுதியது:

இப்போதுதான் மாட்டிக்கொண்டீர்கள். சாற்றுகவி நடந்தபோது உ.வே.சா. சிறுபிள்ளை, பாடம் கேட்கவே வரவில்லை. அவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் எழுதினார். ஆசிரியர் மேல் பக்தி வேறு. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரும்போது அவருக்கு வயது 85. அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார். இதை நம்புவீர்கள், யானையை நம்ப மாட்டீர்களா?

ஏடுதேடி எழுதியது:

நல்ல அடி. பதில் சொல்கிறேன்.

உரையாடல்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. நான் நம்புவது வேறு ஒன்றை. தமக்குப் பெருமை தராததையும் அவர் எழுதிவைக்கிறார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் நீளமாக அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தொனியில் கேட்டுவிட்டுச் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் அந்த நூலைப் பார்த்ததே இல்லை. அந்த வெட்கத்திலிருந்து தொடங்கி 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. தாத்தா தம்மைப் புகழ நினைத்திருந்தால் முன்சீப் வீட்டுக் காட்சியை இவ்வளவு விரிவாக எழுதியிருக்க வேண்டாம். தமக்கு வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தி வைத்தார், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. புரவலர்களைப் பற்றிக் கடுமையாக எழுத அவருக்குக் கை வராது. பிள்ளையவர்கள் பட்ட கடன் தொல்லையை எழுதுகிறார், ஆனால் யார் இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்று எழுத மாட்டார். அந்த இடங்களில் வரிகளுக்கு நடுவே படிக்க வேண்டியிருக்கிறது.

1876 பிப்ரவரி முதல் தேதி இரவு, திருவாவடுதுறையில் ஆசிரியர் இறந்ததை எழுதியிருக்கும் விதத்தை மட்டும் ஒரு முறை படியுங்கள். கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். பிராமண மாணவரான உ.வே.சா. திருவாசகத்தில் அடைக்கலப் பத்து வாசிக்கிறார். சைவ மடத்து வித்துவான் கேட்டுக்கொண்டே கண்ணை மூடுகிறார். இப்படி ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் நாம் கூடுதலாக நாலு வசனம் சேர்த்துக் கெடுத்திருப்போம்.

தமிழாசிரியை எழுதியது:

பாரதிக்கும் அப்படிக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். செல்லம்மாள் திருச்சி வானொலியில் "என் கணவர்" என்று பேசியதைப் படித்துப் பாருங்கள். உலகத்தோடு ஒட்டி வாழ முடியாத கவிஞருக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதைக் குற்றம் சாட்டாமலேயே சொல்லிவிடுகிறார். யதுகிரி அம்மாளின் நினைவுகள் இன்னொரு விதம். புதுச்சேரியில் குழந்தையாக இருந்து பார்த்தவர். மேடையில் நாம் வணங்கும் மகாகவி அதில் வர மாட்டார். பாட்டு எழுதியதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டுகிற ஆள் வருவார். பெண்கள் எழுதிய இந்த நினைவுகளைத்தான் பேச்சாளர்கள் குறைவாக மேற்கோள் காட்டுகிறார்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

போதுமான அளவு கிடைத்துவிட்டது. பாரதி பலகையின் பின்பாதி வரைவு இதோ:

"1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் வாழ்ந்தார். 1918இல் கடலூரில் கைதாகி விடுதலையானார். 1920இல் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களிடம் கடன் கேட்டார், கிடைக்கவில்லை. அதே ஆண்டு சுதேசமித்திரனில் மீண்டும் சேர்ந்தார். திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளியதில் காயமுற்று, குவளைக் கண்ணனால் மீட்கப்பட்டுக் குணமடைந்தார். 1921 ஜூலை 31இல் ஈரோட்டில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். அவ்வாண்டு செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பால் காலமானார்."

யானையை விடவில்லை, கிழக்குத்தெரு ஐயா. "குணமடைந்தார்" என்ற சொல்லைத்தான் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

கிழக்குத்தெரு எழுதியது:

யானை இருக்கிறது, சரி. நான் கேட்ட கதை அதுவல்ல என்றாலும் இருக்கட்டும். செப்டம்பர் என்றால் தேதி? பதினொன்றா, பன்னிரண்டா?

ஏடுதேடி எழுதியது:

அரசு நினைவு நாள் 11. 2021இல் மகாகவி நாளாக அறிவித்ததும் அதைத்தான். உயிர் பிரிந்தது நள்ளிரவுக்குப் பின், ஆகவே கடிகாரப்படி 12. "செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து" என்று எழுதிவிடுங்கள், இரண்டு தரப்பும் பலகை முன்னால் சண்டை போடாது.

வல்லைவெளி எழுதியது:

தாமோதரம்பிள்ளை பலகைக்கு எத்தனை வரி ஒதுக்குகிறீர்கள்? இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்.